எதிராளி இல்லாத எதிர்

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை எரிச்சலோடும் இரண்டாம் தடவை பென்சிலோடும். 'எதிர்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ண ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் விட்டுவிட்டேன். எதிர்கவிதை, எதிர்நாவல், எதிர்நாயகன், எதிர்அழகியல், எதிர்வாசிப்பு. எதிர்ச்சொல் ஒன்றுதான் பாக்கி. அதைப் பள்ளிக்கூடத்து இலக்கணப் புத்தகம் முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிட்டது.

நண்பர் என்று மரியாதைக்காகச் சொல்லவில்லை. காஞ்சிபுரம் வரும்போதெல்லாம் என் வீட்டில் தங்குகிறவர். அதனால்தான் இதைக் கடிதமாக எழுதாமல் அச்சில் எழுதுகிறேன். கடிதத்தில் எழுதினால் இரண்டு பேரும் சமாதானமாகிப் போய்விடுவோம்.

அவர் சொன்னதை முதலில் அவர் பக்கத்தில் நின்று சொல்லிவிடுகிறேன். தமிழில் கவிதை மொழி என்பது இன்று சுதந்திரமான மொழி இல்லை. சினிமா, கட்சி மேடை, கல்லூரித் துறை, பரிசுக் கமிட்டி என்று நாலு இடங்களில் அது பழக்கப்படுத்தப்பட்டு, கைகட்டி நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இந்த நாலு இடங்களுக்கும் உடனே புரிகிற கவிதை இந்த நாலு இடங்களின் சொத்தாகிவிடுகிறது. ஆகவே கவிதையின் முதல் காரியம் மறுப்பு. மறுப்பவன் தான் மறுக்கும் பொருளோடு உரையாட வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் உரையாட உட்கார்ந்த மாத்திரத்தில் எதிரியின் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டதாகிறது. இதற்கு அவர் காட்டும் சாட்சிதான் கட்டுரையிலேயே கூர்மையான இடம். ஆங்கிலத்து 'ஆப்போசிஷன்' என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று பாருங்கள் என்கிறார். 1826இல் ஹாப்ஹவுஸ் என்பவர் பார்லிமெண்டில் 'மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி' என்று வேடிக்கையாகச் சொல்லப்போக, வேடிக்கை அப்படியே பதவிப் பெயராயிற்று. 1937இல் பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. 1977இல் இங்கேயும் அதற்குச் சட்டம் வந்தது. எதிர்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் எப்படி எதிர்ப்பான்? ஆகவே அந்தச் சொல் செத்த சொல், நமக்கு வேண்டியது 'ஆன்ட்டி' என்கிறார். பாரா கவிதை எழுதவில்லை, ஆன்ட்டி கவிதை எழுதினார்; அயனெஸ்கோ தன் நாடகத்தை ஆன்ட்டி நாடகம் என்றார்; நாமும் அப்படி.

அவர் சொன்னதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நாலு இடங்களைப் பற்றி அவர் சொல்வது எனக்கு முழுச் சம்மதம். ஐந்தாவதாகச் சிறுபத்திரிகையையும் சேர்த்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சொல் சாகவில்லை. அவர் அதை டெல்லியிலும் லண்டனிலும் மட்டும் தேடியிருக்கிறார். 'ஆப்போசிஷன்' லத்தீனில் பிறந்தது. முகத்துக்கு நேரே வைத்தல் என்பதுதான் பொருள். கட்சி அரசியல் வருவதற்குச் சில நூறு வருஷம் முன்பே ஆங்கிலத்தில் அதை வைத்துக்கொண்டிருந்தவர்கள் வானத்தைப் பார்க்கிறவர்கள். பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் நேர் மறுபக்கம் ஒரு கிரகமும் நின்றால் அந்தக் கிரகம் ஆப்போசிஷனில் இருக்கிறது என்பார்கள். செவ்வாய் மிகப் பெரிதாக, மிகப் பிரகாசமாக, இரவு முழுக்கத் தெரிவது அப்போதுதான். சந்திரன் சூரியனுக்கு ஏழாமிடத்தில் நேர் எதிரே நிற்கிற அன்றுதான் பௌர்ணமி. ஒட்டிப் போய் நின்றால் அமாவாசை. உடலைப் படிக்கிறவர்களும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களுக்கும் எதிரே வந்து நிற்பதற்குப் பெயர் ஆப்போசிஷன். அது இல்லாவிட்டால் பேனா பிடிக்க முடியாது.

நம்முடைய 'எதிர்' இன்னும் விசாலமான சொல். எதிரே என்றால் முன்னால். எதிர்வீடு என்றால் சண்டைக்கார வீடு அல்ல (சில தெருக்களில் அப்படியும் இருக்கும்). வரப்போகும் காலத்துக்கு எதிர்காலம் என்று பெயர் வைத்தவர்கள் நாம். வருகிறவனை வாசலுக்குப் போய் அழைத்து வந்தால் எதிர்கொள்ளல். காத்திருந்தால் எதிர்பார்த்தல். நம் குரல் மலையில் பட்டுத் திரும்பினால் எதிரொலி. இத்தனைக்கும் ஆதாரமாக இருப்பது ஒரே ஒரு காட்சி, ஒருவன் முகத்தை மற்றவன் பார்ப்பது. நண்பருடைய 'எதிர்' இந்தக் குடும்பத்தில் எங்கேயும் சேராது. அவருடையது முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போவது. அதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன: ஒதுங்கல், விலகல், முகம் திருப்பல். கெட்ட சொற்கள் அல்ல. துறவிகளுக்கு ஏற்றவை.

கிரேக்கத்து 'ஆன்ட்டி'யும்கூட ஆதியில் 'முகத்துக்கு நேரே' என்பதுதான், 'பதிலுக்கு' என்பதுதான். வெறும் பகை அதன் மேல் பிற்பாடு ஏறிய துரு. பாரா 1954இல் போட்ட புத்தகத்தின் பெயர் 'கவிதைகளும் எதிர்கவிதைகளும்'. நம்மவர்கள் தலைப்பில் முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள். அந்த மனிதர் நெரூடாவுக்கு எதிரே நின்றார். நெரூடா அங்கே இல்லை என்று பாவனை பண்ணவில்லை. நாம் செய்வது அந்தப் பாவனைதான். வானம்பாடிகளை எதிர்த்து எழுதியவர்களில் எத்தனை பேர் வானம்பாடிகளை உட்கார்ந்து படித்தார்கள்? மரபை எதிர்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வெண்பாவின் தளை தட்டுகிறது என்று காது சொல்லும்? எனக்குச் சொல்லாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு 'எதிர்' பற்றி எழுதுவது ஒரு வகையில் சுலபம். எதிர்வாதம் இந்த ஊரில் நெசவைப் போல ஒரு தொழிலாக இருந்தது. மணிமேகலை வஞ்சியில் பத்துச் சமயவாதிகளிடம் போய் ஒவ்வொருவரையும் அவரவர் தத்துவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். சாத்தனார் பௌத்தர். மற்றவர்களைப் பொம்மையாக்கி இரண்டு வரியில் முடித்திருக்கலாம். பூதவாதி வாயால் பூதவாதம், சாங்கியன் வாயால் சாங்கியம் என்று இடம் கொடுக்கிறார். அதன் பிறகுதான் அவள் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தன் வழியைக் கேட்கிறாள். அங்கேயும் அடிகள் எடுத்தவுடன் தருமத்துக்குப் போகவில்லை. எது சரியான வாதம், எது போலி வாதம், போலி எத்தனை வகை என்று தர்க்கத்தைச் சொல்லித் தருகிறார். ரஸிகமணிகளுக்கு அந்தக் காதை பிடிப்பதில்லை, கவிதை இல்லை என்பார்கள். இருக்கட்டும். தன் பக்கத்தைச் சொல்லும் முன் தன் பக்கமே பிசகலாம் என்று அளவுகோலைக் கையில் கொடுக்கிற ஆசிரியனை நான் வேறு எங்கே போய்த் தேடுவது?

மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய 'மத்தவிலாஸ'த்தைப் பாருங்கள். கதை இந்த ஊர்த் தெருவில் நடக்கிறது. ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. பௌத்த பிக்ஷு திருடிவிட்டான் என்று சண்டை, ஒரு பாசுபதன் பஞ்சாயத்து. கடைசியில் நாய் கொண்டு போனதை ஒரு பைத்தியக்காரன் கொண்டு வந்து தருகிறான். பிக்ஷு கேலிக்கு ஆளாகிறான், சரி. ஆனால் அவனைவிடக் கேவலமாகத் தெரிகிறவன் கள் குடித்துத் தள்ளாடும் காபாலிகன். காபாலிகன் சிவனுடைய ஆள், மகேந்திரன் சைவன் ஆனவன் என்பது மரபு. தன் வீட்டுத் திண்ணையையும் சேர்த்துப் பெருக்குகிறவனுக்குத்தான் எதிர்வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேச வாய் உண்டு.

இன்னொரு ஆள் இருக்கிறார், நண்பருக்கு அவரைத் தெரியாமல் இருக்க முடியாது, தினம் காலையில் அவர் குரல் காதில் விழுகிறது. காஞ்சியில் பிறந்த ஒரு வைஷ்ணவருக்குப் 'பிரதிவாதி பயங்கரம்' என்று பட்டம். வாதத்தில் எதிரே நிற்பவனுக்குப் பயங்கரமானவர் என்று அர்த்தம். எதிர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எந்தச் சிறுபத்திரிகைக்காரனும் பொறாமைப்பட வேண்டிய பெயர். இவர் தூப்புல் வேதாந்த தேசிகரின் குமாரரிடம் படித்தவர்; பட்டமும் அந்த இடத்தில் கிடைத்தது என்பார்கள். தேசிகர் அத்வைதத்தை மறுத்து 'சததூஷணி' எழுதியவர், நூறு தூஷணங்களில் அறுபத்தாறு இன்று கிடைக்கின்றன. அவர் வீட்டுப் பட்டறையில் அடித்த கத்தி. இந்த அண்ணன் பிற்பாடு மணவாள மாமுனிகளின் சிஷ்யராகிறார். அங்கே அவருக்குக் கிடைத்த பெயர் 'ஸ்ரீவைஷ்ணவ தாஸன்'. வேங்கடேச ஸுப்ரபாதத்தை இயற்றியவர் இவரே என்று மரபு சொல்கிறது. பயங்கரம் என்று பெயர் வாங்கியவர் கடவுளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு எவ்வளவு மெதுவான ஒரு குரலைக் கண்டுபிடித்தார் பாருங்கள்.

இதே தேசிகரையும் மாமுனிகளையும் இரண்டு பக்கத்துக் கொடிகளாக்கி, வரதராஜப் பெருமாள் கோயிலில் யாரைப் போற்றும் தனியனை முதலில் சொல்வது என்று வடகலையும் தென்கலையும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். 2022லும் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் அது வந்தது. இரண்டு இடத்திலும் கால் வைத்திருந்த ஒரு மனிதர் இந்த ஊரிலேயே இருந்தார் என்பது அந்த வழக்குக் கட்டுகளில் எந்த மூலையில் இருக்கிறதோ. இந்தச் சண்டையில் தத்துவம் வற்றிப்போய் வரிசைதான் மிச்சம், யார் முன்னால், யார் பின்னால் என்று. நம் பத்திரிகைகளில் யார் யாரை முதலில் கண்டுபிடித்தது என்று நடக்கிற சண்டைகளுக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. நாமத்தின் வடிவம் வேறு, அவ்வளவுதான்.

நான் பழம்பெருமை பாடுவதாக நண்பர் எழுதுவார். பாடவில்லை. அந்த வாதங்கள் சாந்தமானவை அல்ல. மதுரையில் சமணர்களைக் கழுவேற்றியதைப் புராணம் வெட்கமில்லாமல் சொல்கிறது. காஞ்சியில் பௌத்தம் சில சிலைகளாகவும் சமணம் திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலாகவும் மிஞ்சியிருக்கின்றன. வாதத்தில் தோற்றதால் மட்டுமே ஒரு சமயம் ஊரைக் காலி செய்தது என்று நம்ப நான் தயாரில்லை. ஆனாலும் ஒன்று. 'குண்டலகேசி' என்ற பௌத்தக் காப்பியம் போய்விட்டது. சில செய்யுட்கள்தான் கையில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை உடைப்பதற்கென்றே ஒரு சமணர் 'நீலகேசி' எழுதினார், அதற்கு ஒரு முனிவர் உரை எழுதினார், சக்கரவர்த்தி நயினார் அதை 1936இல் அச்சில் கொண்டுவந்தார். குண்டலகேசி என்ன வாதாடினாள் என்று நமக்கு இன்று ஓரளவு தெரிகிறதென்றால் அவளை மறுத்தவர்களால் தெரிகிறது. பௌத்தர் வைத்திருந்த பிரதி தொலைந்தது, எதிரி வைத்திருந்த பிரதி பிழைத்தது. நண்பர் எதிர்க்கிற கவிஞர்கள் எல்லோரும் நாளை மறைந்து போய், அவருடைய கட்டுரை மட்டும் மிஞ்சினால், அதிலிருந்து அவர்களுடைய ஒரு படிமத்தையாவது, ஒரு கருத்தையாவது மீட்க முடியுமா? நான் தேடினேன். ஒரு பெயர்கூட இல்லை. 'சிலர்' என்று இருக்கிறது. 'ஒரு சாரார்' என்று இருக்கிறது.

பழசு வேண்டாம் என்றால் கிட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஊர்க்காரர் அண்ணாதுரை 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று வாதாடினார். சென்னை சட்டக் கல்லூரியில் எதிரே ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். அண்ணாதுரையின் முடிவு தவறு என்பது என் எண்ணம். 'கம்பரஸ'த்தில் அவர் செய்தது வக்கீல் வேலை, வேண்டிய வரியை மட்டும் உருவிக் காட்டுவது. ஆனால் கொளுத்த வேண்டும் என்றவர் படித்திருந்தார். போற்ற வேண்டும் என்கிற பலர் இன்றுவரை படிக்கவில்லை. அதைவிட முக்கியம், எதிராளி அதே மேடையில், அதே விளக்கடியில், பதில் சொல்லும் தூரத்தில் இருந்தார்.

நன்னூல் தொடக்கத்தில் நூலாசிரியனுக்கு ஏழு மதம் சொல்கிறது. பிறருக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. மூன்றாவது எனக்குப் பிடித்தது: பிறர் கருத்தை முதலில் தனதாக மேற்கொண்டு, பிறகு களைவது. தானே ஒன்றை நாட்டி நிறுத்துவது, இரண்டு பேர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, எதற்கும் படாமல் தன் கொள்கையே கொள்வது என்று மற்றவை. நம்மிடம் கடைசி இரண்டும் செழிப்பாக இருக்கின்றன. மூன்றாவதைக் காணோம். மூன்றாவது இல்லாமல் ஆறாவது வெறும் வசை.

காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் நுழைந்தால் எதிர்ப்பைப் பற்றிய இன்னொரு ஆங்கிலச் சொல் காதில் விழும். 'கான்ட்ராஸ்ட் பார்டரா, ஸெல்ஃபா?' கான்ட்ராஸ்ட் என்றாலும் மூலத்தில் எதிர்நிற்றல்தான். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மஞ்சள் உடலுக்கு நீலக் கரை. தறியில் இதற்குப் பெயர் கோர்வை. இரண்டு கரைக்கும் உடலுக்கும் தனித்தனியாக மூன்று நாடா; கூட உட்கார்ந்து கரையைக் கவனிக்க இன்னொரு ஆள். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒவ்வோர் இழையும் மற்ற இழையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். வேலை இரண்டு மடங்கு. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிற இடம்தான் துணியிலேயே பலமான இடம். கோர்வை போடாமல் ஒரே நாடாவில் கரை வரைக்கும் ஓட்டிவிட்டாலும் சேலை வரும். ஆனால் உடலின் ஊடை கரைக்குள்ளும் போவதால் கரையின் நிறம் கலங்கும். நண்பரின் கட்டுரை ஒரே நாடாவில் நெய்தது. எதிர்ப்பு என்ற கரையிலும் ஓடுவது அவருடைய சொந்த நிறமே. தொல்காப்பியர் முரணைத் தொடையில் ஒன்றாக வைத்தது சும்மா இல்லை. முரண்படுகிற இரண்டும் ஒரே தொடையில் ஏற வேண்டும். ஒன்று செய்யுளுக்கு வெளியே நின்றால் முரண் என்று சொல்ல ஒன்றுமில்லை.

தளை தட்டுவது என் காதுக்குத் தெரியாது என்றேன். எனக்கு இருபத்தாறு வயதில், ஒரு பத்திரிகையில், இந்த ஊர் நெசவாளி ஒருவர் சொந்தக் காசில் போட்ட வெண்பாப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினேன். அறுபத்து நாலு பக்கம். நான் பத்துப் பக்கம் படித்தேன். புதுக்கவிதைக்காக நான் தொடுத்திருந்த யுத்தத்தில் அது ஒரு சின்ன மண்டபம், இடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. முன்னுரையைக் கேலி செய்தேன், தலைப்பைக் கேலி செய்தேன், 'நிராகரிக்கிறேன்' என்று முடித்தேன். சிநேகிதர்கள் கையைக் குலுக்கினார்கள்.

மதிப்புரை வந்த வாரமே அவர் வீட்டுக்கு வந்தார். வயதில் என் அப்பாவுக்குச் சமானம். வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா சார்?" என்றார். உட்கார்ந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். "இருபத்தொம்பதாம் பக்கம் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். "எல்லாம் படிச்சேன், ஒண்ணும் தேறலை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து கையில் எடுத்து வைத்திருந்த பேனாவைத் திரும்பப் பையில் செருகினார். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "வரேன் சார், தறியில ஆள் உக்காந்திருக்கு" என்று எழுந்து போனார். இரவு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்பதாம் பக்கம் வெறும் வெள்ளை. அச்சில் விட்டுப் போயிருக்கிறது. அந்த வெண்பாவைக் கையால் எழுதித் தந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

அவர் அதற்கப்புறம் புத்தகம் போடவில்லை. அந்தப் பத்துப் பக்கம் போக மீதியை நான் இத்தனை வருஷத்தில் பல தடவை படித்துவிட்டேன். பெரும்பாலும் சுமார்தான். பாவுக்கு நூல் சுற்றுகிற ஒரு கிழவியைப் பற்றி நாலு பாட்டு இருக்கிறது, அது போல நான் எழுதியதில்லை. என் மதிப்புரை தீர்ப்பாகத் தப்பு என்று சொல்ல வரவில்லை. முக்காலும் அதே தீர்ப்பைத்தான் இன்றும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு எதிரே யாரும் இல்லை என்பதுதான் விஷயம். ஆள் நேரே வந்து உட்கார்ந்தபோதும் இல்லை.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுத வேண்டும். முதல் ஒரு பக்கத்தில் நான் சொன்னதை என் பக்கத்தில் நின்று சொல்லட்டும், மேலே அவருடையதை நான் சொல்லியிருப்பது போல. அதில் நான் எதையாவது வளைத்திருந்தால் அந்த இடத்தைக் காட்டட்டும், திருத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதட்டும். எதிர்க்கிற கவிஞர்களின் பெயர்களைப் போட வேண்டும். வைகாசி கருட சேவைக்கு வழக்கம்போல வருவார். அந்தப் புத்தகம் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, அவரே எடுத்துப் பார்க்கலாம்.